நாய் நுழைந்த ஆட்டம்

இடது தோளைத் தூக்கினால் வலி காது வரைக்கும் ஏறியது. எபினேசர் வலது கையால் சட்டையைக் கழற்றப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு, அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான். ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் கட்டிய தோள். ஆளைவிட நீளமான இரும்புக் கம்பியை அண்ணாந்து தூக்கி, மேல் பெட்டியின் மூலை ஓட்டையில் கொக்கியை மாட்டி, கீழ் முனையைத் திருகி இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் நடுக்கடலில் பெட்டி சரியும். வடக்குத் துறைமுகத்தில் கிரேனை ஓட்ட இப்போது ஆள் கிடையாது. பெட்டி சுமக்கும் வண்டிகளிலும் ஆள் கிடையாது. கம்பி மாட்ட மட்டும் மனிதர்கள் ஏறினார்கள். அதற்கும் ஒரு இயந்திரம் செய்து பார்த்தார்கள். தோள் அதைவிட மலிவு என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

வியாசர்பாடியில் அவன் இருந்த குடியிருப்பில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். படிக்கட்டில் சத்தமில்லை. அவனுக்கு அது வீடு திரும்பும் நேரம்.

பார்சல் டீயை டம்ளரில் ஊற்றிக் குடிக்காமல் வைத்தான். விசில் ஊதும்போதுதான் முதல் வாய். போனைச் சொம்பில் சாய்த்து வைத்து 'கூடம்' செயலியைத் திறந்தான். நேற்று மாலை நடந்த ஆட்டம், ஹார்பர் அணிக்கும் மதுரைக்கும்.

திரையின் ஓரத்தில் 'துருப்பிடிச்ச பசங்க' என்ற குழுவின் பெயர்கள் ஒவ்வொன்றாக மஞ்சள் விளக்கோடு எரிந்தன. ஹார்பர் அணியின் சட்டை துரு நிறம். ஆட்டமும் ஏறக்குறைய அப்படித்தான்.

விசில். டீ.

'கடைசி ஆளே, வந்துட்டியா? குந்து' என்று முதல் நிமிடத்திலேயே டில்லி எழுதியிருந்தான். 'கடைசி ஆள்' என்பது எபினேசர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். ஒவ்வொரு ஆட்டத்திலும் டில்லி இதை எழுதிவிடுவான். எபினேசரும் விடாமல் பதில் போடுவான்.

'குந்திட்டேன்.'

அதைப் பார்க்க அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

கார்னர் எடுக்கும் நேரம் பார்த்து, கொடிக்கம்பத்தை மறைத்துக்கொண்டு பெயின்ட் விளம்பரம் வந்தது. 'ஆரம்பிச்சுட்டான்யா சுண்ணாம்பு அடிக்க' என்றது குழு. போன வருஷமே அணியை விட்டுப் போனவன் பெயரைச் சொல்லியே புது ஆட்டக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் வர்ணனையாளர். கோல்கீப்பர் பொன்வண்ணன் வழக்கம்போல இடது கம்பத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பந்தை உதைத்தான். அவன் கை கம்பத்துக்குப் போவதற்குள் குழு முழுக்க 'தட்டு, தட்டு' என்று கொட்டியது. எபினேசரும் எழுதினான். சிரித்தான். அந்தக் கணத்தில் அறையில் பத்துப்பேர் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

ஹார்பர் தோற்றது. விளக்குகள் அணைந்தன. டம்ளரைக் கழுவினான். மேல்வீட்டில் யாரோ மறந்துவிட்டுப் போன குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று ஷர்புதீனுக்குப் புரியவைக்க ஒருநாள் ஆனது. அவன் எபினேசரோடு கம்பி மாட்டுகிறவன். கால்பந்து பார்க்காதவன். உடை மாற்றும் அறையில் வைத்துத்தான் கேட்டான்.

"ஆட்டம் நேத்தே முடிஞ்சிட்ச்சி. இன்னைக்கு நீ யார் கூடண்ணே பேசிக்கினு கீற?"

"டில்லி எழுவதாவது நிமிஷத்துல ஒண்ணு எழுதுனான்னு வை. நான் நாளைக்குப் பாத்தாலும், நாலு நாள் கழிச்சிப் பாத்தாலும், எழுவதாவது நிமிஷம் வந்தாதான் அது எனக்குத் தெரியும். முன்ன மாதிரி எவனும் முந்திக்கினு கோலுன்னு கத்தி நம்ம வயித்தெரிச்சல கொட்டிக்க முடியாது."

"செரி. நீ எழுதறது?"

"எனக்கப்புறம் பாக்கறவனுக்கு."

"உனக்கப்புறம் எவன் பாக்கறான்?"

"எவனும் இல்ல."

ஷர்புதீன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். "பந்தி முடிஞ்சி எல்லாரும் கை கழுவிட்டுப் போயிட்டான். நீ எச்சில் எலைங்களுக்கு நடுவுல குந்திக்கினு, பக்கத்து எலைக்காரன் கிட்ட ரசம் நல்லாகீதுன்ற."

"எவன் எப்ப எழுதுனான்னே அதுல காட்டாதுடா. எல்லாரும் இப்பதான் எழுதறாப்ல இருக்கும். நம்ம பாலு அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆவுது. பழைய ஆட்டத்தைப் போட்டா இன்னும் ரெஃபரியோட குடும்பத்தையே இழுத்துக்கினுதான் கீறாரு."

"அய்யய்யோ. உனக்கு பயமா இல்லியா?"

"நல்லாத் திட்டுவாருடா."

பயம் வேறு இடத்தில் இருந்தது. கூடம் வருவதற்கு முன்னால், ஆட்டம் உள்ள நாளில் கம்பிக்காரர்கள் ஷிஃப்டை மாற்றிக்கொள்வார்கள். இன்றைக்கு நீ போ, நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. மேஸ்திரியும் கண்டுகொள்ள மாட்டார். மில் மைதானத்துச் சுவரேறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, தோற்ற ஆத்திரத்தைக் கொத்து பரோட்டாவில் தீர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கூடம் வந்ததும் மேஸ்திரி சொன்னார்: "ஆட்டம் எங்கடா ஓடிப்போவுது? அப்பறமா பாத்துக்கோ. உன் ஜமா மொத்தமும் அதுலயே குந்திகினு இருக்கும்ல?" ஷிஃப்ட் மாற்றுவது நின்றது. சுவரில் உட்கார ஆள் குறைந்தது. டில்லி மூன்று தெரு தள்ளித்தான் இருந்தான். செல்போன் கவர் விற்கும் கடை. தினமும் அவனோடு பேசுவதாகவே எபினேசர் நினைத்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

நாய் நுழைந்த ஆட்டம் அந்த இரண்டாவது மழைக்காலத்தில் நடந்தது.

கோவையோடு மோதல். விடாத மழை. இரண்டு பக்கமும் கோல் இல்லை, கோல் வரும் என்று நினைக்கவும் காரணம் இல்லை. அறுபத்தேழாவது நிமிடத்தில் செவலை நாய் ஒன்று மைதானத்துக்குள் ஓடிவந்து பந்தைக் கவ்வ முடியாமல் மூக்கால் தள்ளிக்கொண்டு சுற்றியது. பிடிக்கப் போனவர்கள் எல்லாம் சேற்றில் விழுந்தார்கள். ஆட்டம் நின்றுபோய், கேமரா நாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வர்ணனையாளர்கள்கூட எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள் போல, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. குழுவும் கொஞ்ச நேரம் சிரித்து ஓய்ந்தது. எபினேசர், 'நாய்க்கு இருக்கற ஓட்டம் நம்ம ரைட் விங்குக்கு இல்ல' என்று எழுதிவிட்டு, ஷிஃப்ட் அலுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

நாய் எப்படித்தான் பிடிபட்டது என்று வெகுநாள் அவனுக்குத் தெரியவில்லை. ஒரு விடுமுறை நாளில் அந்த ஆட்டத்தை மறுபடி போட்டான். உலகத்தில் வேறு யாரும் அதை இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள். அவன் எழுதிய வரி வந்தது. அதன் கீழே இன்னொரு வரி வந்தது.

'ஓட்டம் மட்டுமா அண்ணே? பந்தையும் விடல பாருங்க. இதையே ரைட் விங்குல போட்டுரலாம்.'

எழுதியவன் பெயர் 'மூணாம் நம்பர்'. எபினேசர் அறையில் திரும்பிப் பார்த்தான். தனக்குப் பின்னால் ஒருவன் இருக்கிறான்.

'யாருப்பா நீ? எனக்கும் லேட்டா கீற?' என்று எழுதினான். பிறகு தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் டீயோடு அந்த நிமிடத்தைப் போட்டுப் பார்த்தான். நாய் ஓடும். ஆட்கள் விழுவார்கள். பதில் இருக்காது. பதில் வரும் என்ற எண்ணமே போய்விட்ட சமயத்தில் வந்தது.

'கப்பல்ல சமையக்காரன் அண்ணே. ஊரு தூத்துக்குடி. கப்பல் நெட்டு ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான் தருவாவ. துறைமுகத்துல நிக்கும்போது ஆட்டத்தையெல்லாம் எறக்கி வச்சுக்கிட்டு கடல்ல பாப்பேன். எழுதுனது அடுத்த துறைமுகம் வந்தாத்தான் போவும்.'

இப்படித்தான் பேச்சு வளர்ந்தது. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. வேறு ஆட்டத்தில் எழுதினால் பந்தைப் பார்ப்பதா பேச்சைப் பார்ப்பதா என்று ஆகிவிடும். நாய் ஓடும் நேரத்தில் தவறவிட ஒன்றுமில்லை. அதனால் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

தூத்துக்குடிக்காரன் ஏன் ஹார்பரைப் பிடித்துக்கொண்டான் என்று எபினேசர் கேட்டான். கப்பல் வேலைக்குப் பயிற்சி எடுக்கச் சென்னை வந்தபோது ஒரு மழைநாளில் மில் மைதானத்தில் ஒதுங்கினானாம். அன்றைக்கு மூன்றாம் நம்பர் போட்ட இடது பின்கள ஆட்டக்காரன், நான்கு கோல் வாங்கிய பிறகும் ஒவ்வொரு பந்துக்கும் ஓடினானாம். 'தோத்தது முடிவான பொறவும் எதுக்குவே ஓடுதான்னு நெனச்சேன். அன்னைலருந்து விட முடியல.' வாசலில் விற்ற ஒரு சட்டையையும் வாங்கி வைத்திருந்தான்.

எபினேசர் துறைமுகத்தில் கம்பி மாட்டுவதையும் இடது தோள்வலியையும் பற்றி எழுதினான். டாக்டர் ஓய்வு சொன்னதையும், ஓய்வு எடுத்தால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவான் என்பதையும் எழுதினான். இதை அவன் வேறு யாரிடமும் சொல்லியதில்லை. மூணாம் நம்பர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. 'கல்லு உப்ப வறுத்து துணில கட்டி ஒத்தடம் குடுங்க. சரியாவாது. ஆனா யாரோ கூட இருக்காப்ல இருக்கும்' என்று எழுதினான்.

பந்தயமும் அங்கேதான் கட்டினார்கள்.

'இந்த வருஷம் ஹார்பர் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காது. எழுதி வச்சுக்கோ.'

'நான் உங்க ஊருக்குக் கப்பல்ல வந்து நிக்கதுக்குள்ள ஜெயிக்கும். என்ன பந்தயம்?'

'ஜெயிச்சா உனக்கு அத்தோ வாங்கித் தரேன்.'

'அத்தோன்னா என்ன அண்ணே? நாய் பேரு மாதிரில்லா இருக்கு.'

எபினேசருக்கு இது பெரிய சந்தோஷமாக இருந்தது. அத்தோ தெரியாத ஒருவனுக்கு அத்தோவை விளக்குவது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் பாரிமுனைப் பக்கம் போடும் நூடுல்ஸ் என்று எழுதினான். வெறும் கையால் பிசைவார்கள், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, நொறுக்கிப் போட்ட பேஜோ என்ற தட்டை, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் என்று எழுதினான். கூடவே அவித்த முட்டையைக் கீறி உள்ளே வெங்காயமும் மசாலாவும் வைத்துத் தருவார்கள், அதை ஒரே வாயில் போட வேண்டும் என்று எழுதினான். எழுதி முடித்தபோது நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

'சமையக்காரன் கிட்டயே வாயூற வைக்கியளே. சரி. நீங்க ஜெயிச்சா தூத்துக்குடி மக்ரூன்.'

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. சென்ற ஆண்டு ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை முடிகிறதாம். இந்த மாதத்தோடு அவையெல்லாம் செயலியிலிருந்து போய்விடும். ஆட்டம் போனால் அதில் எழுதியதும் போகும். எபினேசர் உடனே தன் போன் நம்பரை எழுதினான். எண்கள் இருந்த இடத்தில் நட்சத்திரங்கள் வந்தன. எழுத்தில் எழுதிப் பார்த்தான். அதற்கும் நட்சத்திரம். வெளியே போய்ப் பேசிக்கொண்டால் உள்ளே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கூடத்துக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

'ஆட்டத்த எடுக்கப்போறானாம். நம்பர் போவல. நீ எப்பதான் வருவ?'

இந்தத் தடவை பதில் சீக்கிரம் வந்தது. 'வாறேன் அண்ணே. கொழும்புல எங்கள வேற கப்பலுக்கு மாத்துதாவ. அது உங்க துறைமுகத்துக்குத்தான் வருது. எந்தக் கப்பல், என்னைக்குன்னு கொழும்புல ஏறுனாத்தான் தெரியும். தெரிஞ்ச ஒடனே இங்கயே சொல்லுதேன். தெனமும் ஒருக்கா பாத்துக்கிடுங்க.'

அவன் தினமும் பார்த்தான். ஒரே ஒரு நாள் பார்க்கவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை. எபினேசருக்கு வார விடுமுறை. கதவைக் காலால் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் டில்லி நின்றிருந்தான். தலையில் பாதி முடி போயிருந்தது.

"டேய். உயிரோடதான் கீறியா?"

"நீதான் மொட்டையாகிப்போய் வந்து நிக்கற."

"சட்டய மாட்டு. கிரவுண்டுக்குப் போறோம். இன்னைக்கு சேலத்தோட."

"கூடத்துல பாத்துக்கலாம்டா. தோள் வலி."

"தோளாலயா ஆடப் போற? மாட்டுடா." டில்லி கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தான். ஒற்றை டம்ளர், ஒற்றைத் தட்டு, சொம்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கடைய மூடறேன் மச்சி. ஓசூர்ல மச்சான் கம்பெனில வேல. நாளைக்குக் கெளம்பறேன். இனிமே நானும் உன்ன மாதிரி லேட்டாதான் பாப்பேன். ஒரு ஆட்டமாவது பக்கத்துல குந்திப் பாப்போம்."

எபினேசர் போனைப் பார்த்தான். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மில் மைதானத்துச் சுவரில் இடம் தாராளமாக இருந்தது. மறைக்க விளம்பரம் இல்லை. வர்ணனை இல்லை. முன்னால் உட்கார்ந்தவன் தலைதான் மறைத்தது. அவனைத் திட்டுவதும் சுகமாக இருந்தது. பொன்வண்ணன் கம்பத்தைத் தட்டியபோது இருவரும் வாய்விட்டு "தட்டு, தட்டு" என்று கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினான். டில்லி எபினேசரின் தொடையில் அறைந்தான். "பாத்தான்டா! நம்மளப் பாத்தான்டா!"

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஹார்பர் கோல் போட்டது. யார் காலில் பட்டுப் போனது என்றே தெரியவில்லை. டில்லி சுவரிலிருந்து குதித்து அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். தோளில் உயிர் போனது. எபினேசர் விடச் சொல்லவில்லை. ஒரு ஆள் இன்னொரு ஆளை இப்படி இறுக்கிப் பிடித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்தான். விசில் ஊதியதும், அத்தோ வாங்கித் தர வேண்டும் என்பது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தான்.

"இன்னாடா சிரிக்கிற?"

"ஒரு பந்தயத்துல தோத்துட்டேன்."

பரோட்டா தின்று, கதை பேசி, டில்லியை அவன் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து படுத்தான். போனைத் திறக்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு கனவில்லாமல் தூங்கினான். விடிந்ததும் பகல் ஷிஃப்ட். எழுந்த அவசரத்தில் துறைமுகத்துக்கு ஓடினான். போனை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூட்டினான்.

அன்றைக்கு நின்றிருந்தது பச்சை வண்ணமடித்த நீளமான கப்பல். கம்பிக்காரர்கள் முன்பக்கத்தில் ஏறினார்கள். கிரேன்கள் தம்பாட்டுக்குப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தன. இயந்திரங்கள் ஓடும்போது கப்பல் ஆட்கள் யாரும் கீழ்த்தளத்துக்கு வரக் கூடாது என்பது விதி. அவர்கள் கப்பலின் பின்பக்கத்து உயரமான கட்டடத்திலேயே இருந்துகொள்வார்கள். கரைக்கும் விட மாட்டார்கள்.

வெயில் ஏறியபோது எபினேசர் கம்பியைச் சாய்த்து வைத்துவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். தொலைவில், கட்டடத்தின் மேல்மாடியில், வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவன் கம்பிப் பிடிமேல் சாய்ந்து நின்று ஏதோ துணியை வீசிக்கொண்டிருந்தான். வெளுத்துப் போன செங்கல் நிறம். அழுக்குத் துடைக்கும் துணி போல இருந்தது. வாயைத் திறந்து கத்துவதும் தெரிந்தது. கிரேன் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"அங்க பார்ரா. அவன் யாருக்குக் காட்டறான்?" என்றான் எபினேசர்.

ஷர்புதீன் கம்பியை விடாமல் ஓரக்கண்ணால் பார்த்தான். "கிரேனுக்குண்ணே. நிறுத்தச் சொல்றான் போல."

"கிரேன்ல ஆளே இல்லையேடா. யார்ரா இவன், காத்துக்கு சிக்னல் போட்டுக்கினு."

"பழைய ஆளு. உள்ள போவச் சொல்லுண்ணே, பாவம்."

எபினேசர் வலது கையைத் தூக்கி, உள்ளே போ, உள்ளே போ என்று வீசிக் காட்டினான். மேலே இருந்தவன் துணியை இன்னும் வேகமாக வீசினான். மேஸ்திரி கத்தினார். எபினேசர் குனிந்து கம்பியை எடுத்தான். அடுத்த முறை நிமிர்ந்தபோது மாடியில் யாரும் இல்லை.

மாலையில் போனைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். கூடத்தைத் திறந்தான். நேற்றைய வெற்றியைக் குழு எப்படிக் கொண்டாடியிருக்கும் என்று பார்க்க ஆசைதான். ஆனாலும் முதலில் நாயைப் போட்டான். ஆட்டத்தின் மேல் ஒரு சிவப்புப் பட்டை இருந்தது: இன்று நள்ளிரவோடு நீக்கப்படும்.

மழை. நாய். ஆட்கள் விழுந்தார்கள்.

'அண்ணே, கொழும்புல ஏறிட்டேன். நாளைக்கு உங்க துறைமுகம். பச்சைக் கப்பல். எங்கள கீழ விட மாட்டாவ. மேல நின்னு நம்ம சட்டைய வீசுதேன். நீங்க அதப் பாத்து ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டுங்க. அது போதும் எனக்கு. அத்தோ பொறவு பாத்துக்கிடலாம்.'

நாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது வந்தது.

'அண்ணே, மேல நிக்கேன். அரைமணி நேரமா வீசுதேன். ஒருத்தரும் நிமிந்து பாக்கல. ஒரே ஒருத்தர்தான் பாத்தாரு. இடது தோளப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நீங்கதான்னு நெனச்சுக் கத்துனேன். அவரு உள்ள போ உள்ள போன்னு கைய வீசுனாரு. ஒத்தக் கை. அப்பம் அது நீங்க இல்ல.'

அதற்குக் கீழே, கடைசியாக:

'கப்பல் எடுக்காவ. அடுத்தது எந்தத் துறைமுகம்னு தெரியல. ஆட்டத்த எறக்கிப் பாத்தேன், நேத்து ஜெயிச்சிட்டோம்லா! பந்தயம் எனக்குத்தான். எம் பேரு கஸ்பார் மச்சாது. ஒங்க பேரு கேக்கவே இல்ல பாருங்க.'

நாயை ஒருவன் அணைத்துத் தூக்கினான். ஆட்டம் தொடர்ந்தது. எபினேசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். சாலையை ஒட்டிக் கடல். அலைதடுப்புக்கு அப்பால் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. பச்சையா கறுப்பா என்று வெளிச்சத்தில் தெரியவில்லை. பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அவன் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினான். இடது கை காது வரைதான் போனது.

"அடுத்த ஸ்டாப்பா சார்?" என்றார் கண்டக்டர்.

"இல்ல." உட்கார்ந்தான்.

அந்த நிமிடத்தில் பதில் எழுதுவதில் அர்த்தமில்லை. அடுத்த துறைமுகம் வருவதற்குள் அது இருக்காது. மறுநாள் காலை திறந்து பார்த்தபோது இல்லை. நாய் இல்லை, மழை இல்லை, கோவையோடு அப்படி ஓர் ஆட்டம் நடந்ததற்கான தடமே இல்லை. உப்பை வறுத்துத் துணியில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் போட்டான். 'கடைசி ஆளே, குந்து' என்று முதல் நிமிடத்தில் டில்லியின் வரி இல்லை. அன்றைக்கு டில்லி பக்கத்தில் அல்லவா இருந்தான்.

கேமரா ஒருமுறை சுவரைக் காட்டியது. இரண்டு பேர் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோல் விழுந்த நிமிடம் வந்தது. கஸ்பார் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டான். மறுபடி பார்ப்பானா என்று தெரியாது. ஹார்பர் ஜெயித்த ஒரே ஆட்டம். நானாக இருந்தால் பார்ப்பேன் என்று எபினேசர் நினைத்தான். ஆடிப்பாடிக் கத்தும் எல்லோருடைய வரிகளும் தீரும்வரை காத்திருந்து, எல்லாவற்றுக்கும் கீழே எழுதினான்.

'கஸ்பாரு, தோளப் புடிச்சிக்கினு நின்னது நான்தான். ஒத்தக் கை தூக்குனதும் நான்தான். எம் பேரு எபினேசர். உனக்கு ஒரு தட்டு அத்தோ, ஒரு மசாலா முட்டை பாக்கி.'